உரிமை கோர முடியாத உடல்கள்: மேசையில் கிடப்பது யார், கத்தி பிடிப்பது யார்?

சில மாதங்களுக்கு முன்பு சிதம்பரத்தில் மருத்துவ ஆசிரியர்கள் கூடிய ஒரு கூட்டத்துக்குப் பார்வையாளனாகப் போயிருந்தேன். மருத்துவ மாணவர்களுக்கு உடற்கூறியலைச் செய்முறையாகக் கற்பிக்கச் சிறந்த வழி எது என்பது தலைப்பு. மேடையில் திரை போட்டு ஓர் அட்டவணையைக் காட்டினார்கள். நான்கு முறைகள். ஒன்று, மாணவர்களே கத்தி பிடித்து இறந்த உடலை அறுத்துப் படிப்பது. இரண்டு, ஆசிரியர் முன்கூட்டியே அறுத்து வைத்த பாகங்களைப் பார்த்துப் படிப்பது. மூன்று, நீரையும் கொழுப்பையும் நீக்கிவிட்டு பிளாஸ்டிக் ஏற்றிய உறுப்புகளைக் கையில் வைத்துப் படிப்பது. நான்கு, மேசை அளவுள்ள தொடுதிரையில் விரலால் தோலை நீக்கிப் படிப்பது. ஒவ்வொன்றுக்கும் எதிரே செலவு, நேரம், தேர்வு மதிப்பெண், நாற்றம், தூய்மை என்று கட்டம் கட்டமாக மதிப்பீடு.

ஒரு கட்டம் மட்டும் அதில் இல்லை. கேள்வி நேரத்தில் எழுந்து கேட்டேன். "இந்த உடல்கள் யாருடையவை? அவற்றைத் தூக்கி மேசையில் வைப்பது யார்?"

மேடையில் இருந்தவர் சிரித்தபடி சொன்னார். "அது நிர்வாக விஷயம் சார். நாம இங்க கற்பித்தலைப் பத்தித்தான் பேசுறோம்."

அந்தப் பதிலுக்கு எதிராகத்தான் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். இந்த நாட்டில் உடற்கூறியல் கற்பித்தலைப் பற்றிப் பேசிவிட்டுச் சாதியைப் பேசாமல் போவது, சாக்கடைத் தொழில்நுட்பத்தைப் பற்றிப் பேசிவிட்டு அதற்குள் இறங்குகிறவனைப் பற்றிப் பேசாமல் போவதற்குச் சமம்.

நான் ஓர் அறுவை மருத்துவன். கொள்ளிடக் கரையோரச் சேரி ஒன்றில் பிறந்தவன். என் பெரியப்பா ஊருக்கு வெட்டியான். சாவுச் செய்தி சொல்லப் போவது, குழி வெட்டுவது, பிணம் முழுதாக வேகும்வரை இரவெல்லாம் காவல் இருப்பது எல்லாம் அவர் வேலை. அதற்குச் சம்பளம் என்று எதுவும் கிடையாது. அறுவடைக் காலத்தில் ஊரார் அளந்து போடும் நெல்தான். அவருடைய தம்பியான என் அப்பா, சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் 1916இல் தொடங்கிய நந்தனார் கல்விக் கழகத்தின் பள்ளியில் படித்தவர். அந்தப் பள்ளி இல்லையென்றால் நானும் மண்வெட்டியோடு சுடுகாட்டில்தான் நின்றிருப்பேன்.

1990களின் இறுதியில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தேன். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை. அந்தக் காலத்தில் எங்கே சேர்ந்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும். உடற்கூறியல் கூடத்தில் முதல் நாள். பார்மலின் நெடியில் கண் எரிந்து எல்லோருக்கும் நீர் வழிந்தது. இரண்டு பேர் வெளியே ஓடி வாந்தி எடுத்தார்கள். நான் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த சக மாணவன் சத்தமாகச் சொன்னான், "உனக்கென்னப்பா, பழகின வேலைதானே!" மேசையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. அந்தச் சிரிப்புக்காக இன்றும் எனக்கு என் மீதே கோபம் வருகிறது.

அந்தக் கூடத்தில் எனக்கு உண்மையில் உடற்கூறியல் சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் இருந்தார். ஆவணத்தில் அவர் துப்புரவுப் பணியாளர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி ஒருமையில் கூப்பிடுவார்கள். தொட்டியிலிருந்து உடலைத் தூக்குவதும், தொடையின் தமனியைத் திறந்து பதப்படுத்தும் திரவத்தை ஏற்றுவதும், நாங்கள் போன பிறகு சிதறிய தசைத் துணுக்குகளைப் பொறுக்கிப் பையில் கட்டுவதும் அவர்தான். நாங்கள் விடுதிக் கட்டிலுக்கு அடியில் பெட்டியில் வைத்துப் படித்த எலும்புகளை வேகவைத்து, சுரண்டி, வெயிலில் காயவைத்துக் கொடுத்தவரும் அவரைப் போன்ற ஒருவர்தான்.

ஒரு நாள் மாலை, அக்குள் பகுதியில் நரம்பு எது, தமனி எது, சிரை எது என்று தெரியாமல் கன்னிங்ஹாம் கையேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்றார். "புக்கை மூடு தம்பி. கண்ணாலப் பாத்தா எல்லாம் ஒரே பழுப்பாத்தான் தெரியும். விரலால உருட்டிப் பாரு. கயிறு மாதிரி கெட்டியா இருந்தா நரம்பு. அமுக்கினா திரும்ப எழும்பினா தமனி. அமுங்கிச் சப்பையாக் கெடந்தா சிரை." உருட்டிப் பார்த்தேன். தெரிந்தது. இன்றும் ரத்தம் நிரம்பிய வயிற்றுக்குள் கண்ணுக்கு எதுவும் தெரியாதபோது என் விரல் அவர் சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்கிறது. அவருடைய பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை.

இந்த அனுபவத்தோடுதான் அந்த நான்கு முறைகளையும் நான் ஒப்பிடுகிறேன்.

முதலில் நேர்மையாக ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தேர்வு மதிப்பெண்ணை மட்டும் அளவுகோலாக வைத்தால் இந்த முறைகளுக்கு இடையே பெரிய வேறுபாடு இல்லை என்றுதான் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். ஆசிரியர் அறுத்து வைத்த பாகத்தில் கட்டமைப்பு தெளிவாகத் தெரியும். மாணவன் அறுத்தால் பாதி நரம்பு கொழுப்போடு போய்விடும். 1977இல் ஜெர்மனியின் ஹைடெல்பெர்க்கில் குந்தர் வான் ஹாகென்ஸ் உருவாக்கிய பிளாஸ்டிக் ஏற்றும் முறையில் நாற்றம் இல்லை, அழுகல் இல்லை; ஓர் இதயத்தைப் பல ஆண்டுகள் கை மாற்றிப் படிக்கலாம். திரையில் எத்தனை முறை வெட்டினாலும் திரும்ப ஒட்டிக்கொள்ளலாம். பார்மலினில் உள்ள பார்மால்டிஹைடு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இவை எல்லாம் உண்மை.

ஆனால் மருத்துவன் தேர்வறையில் வேலை செய்வதில்லை. திரையில் இருப்பது ஓர் உடல். எத்தனை முறை திறந்தாலும் அதே உடல். மேசையில் கிடக்கும் உடல்கள் ஒன்றைப் போல ஒன்று இருப்பதில்லை. ஒருவருக்குக் கையின் தமனி முழங்கையில் பிரியும். இன்னொருவருக்கு மேற்கையிலேயே பிரிந்திருக்கும். ஒருவருக்குக் குடல்வால் முன்னால் தொங்கும். இன்னொருவருக்குப் பெருங்குடலுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். பித்தப்பைக்குப் போகும் தமனி புத்தகத்தில் போட்டபடி இருந்தால் அது அறுவை மருத்துவனின் அதிர்ஷ்டம். பத்து மேசைகளைச் சுற்றி வந்து, "இவருக்கு இப்படி, அவருக்கு அப்படி" என்று பார்த்த மாணவனுக்கு மனிதர்கள் வேறு வேறு என்பது கையில் பதிந்துவிடும். அதோடு, எவ்வளவு அழுத்தினால் திசு கிழியும், எவ்வளவு இழுத்தால் நரம்பு தாங்கும் என்பதைக் கண்ணாடித் திரை சொல்லித் தராது.

எனவே என் நிலைப்பாடு தெளிவானது. மாணவர்கள் தம் கையால் உடலை அறுத்துப் படிப்பது நீடிக்க வேண்டும். மற்ற மூன்றும் துணைக்கு வரட்டும். ஆனால் இன்று நடக்கிற முறையில் அது நீடிக்கக் கூடாது. ஏனென்றால் இன்று அது இரண்டு அநீதிகளின் மீது நிற்கிறது. ஒன்று, கேட்காமல் எடுக்கப்பட்ட உடல். இன்னொன்று, பெயரில்லாத கை.

உடலிலிருந்து தொடங்குவோம்.

இங்கிலாந்தில் 1752இல் ஒரு சட்டம் வந்தது. தூக்கிலிடப்பட்ட கொலைக் குற்றவாளிகளின் உடலை அறுத்துப் படிக்கலாம் என்றது. அதாவது உடலை அறுப்பது சாவுக்கு மேலே இன்னொரு தண்டனை. தூக்கில் தொங்கியவர்கள் போதவில்லை. கல்லறையைத் தோண்டித் திருடினார்கள். 1828இல் எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இருவர் உடலை விற்பதற்காகவே பதினாறு பேரைக் கொன்றார்கள். அதன் பிறகு 1832இல் உடற்கூறியல் சட்டம் வந்தது. இனிமேல் ஏழை விடுதிகளிலும் மருத்துவமனைகளிலும் யாரும் உரிமை கோராமல் இறந்தவர்களின் உடலை எடுத்துக்கொள்ளலாம் என்றது. கொலைகாரனுக்கு விதித்த தண்டனையை ஏழைக்கு மாற்றி எழுதினார்கள், அவ்வளவுதான்.

அந்தச் சட்டத்தின் வாரிசுதான் நம்முடைய 1951ஆம் ஆண்டு உடற்கூறியல் சட்டம். வெள்ளைக்காரன் போன பிறகு சென்னை மாகாணம் இயற்றியது. அதன் அடித்தளம் அதே சொல்: உரிமை கோரப்படாத உடல்.

அந்தச் சொல்லை நிதானமாகப் படித்துப் பாருங்கள் தோழர்களே. யாருடைய உடலுக்கு இங்கே உரிமை கோர ஆள் வருவதில்லை? சிதம்பரம் ரயில் நிலைய நடைமேடையில் இறந்து கிடக்கும் கிழவர். தேர் வீதியில் கையேந்தி உட்கார்ந்திருந்த மூதாட்டி. கடலூர் பேருந்து நிலையத்தில் பல மாதம் சுற்றித் திரிந்த மனநோயாளி. செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் வெளி மாவட்டத்திலிருந்தும் வட மாநிலத்திலிருந்தும் வந்து, யாருக்கும் பெயர் தெரியாமல் செத்துப் போகும் தொழிலாளி. இவர்களில் பலருக்குக் குடும்பம் உண்டு. உடலை ஊருக்குக் கொண்டுபோக வண்டி வாடகை இருக்காது. செய்தி போய்ச் சேர்ந்திருக்காது. காவல் நிலையப் படியேற அச்சமாக இருக்கும். இது உரிமை கோரப்படாத உடலா, உரிமை கோர முடியாத உடலா?

இந்த உடல்களின் சாதிக் கணக்கு என்ன என்று என்னைக் கேட்காதீர்கள். அரசைக் கேளுங்கள். ஆனால் நிலமில்லாதவன் யார், வேலை தேடி ஊர் ஊராக அலைபவன் யார், முதுமையில் தெருவுக்கு வருபவள் யார் என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத ரகசியமா? அக்கிரகாரத்திலிருந்தும் பண்ணை வீட்டிலிருந்தும் உரிமை கோரப்படாத உடல் ஒன்று இதுவரை எந்தக் கல்லூரிக்காவது வந்திருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

2019இல் வந்த புதிய மருத்துவப் பாடத்திட்டத்தில் அறமும் மனப்பாங்கும் கற்பிக்கும் பகுதி ஒன்று உண்டு. அதில் 'இறந்த உடலே நம் முதல் ஆசிரியர்' என்று ஒரு பாடம். முதலாண்டு மாணவர்கள் வெள்ளை அங்கி அணிந்து, உடலுக்கு முன் மலர் வைத்து உறுதிமொழி எடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் அந்த ஆசிரியரைப் பாடம் நடத்த வருகிறீர்களா என்று யாராவது கேட்டார்களா? நந்தன் உயிரோடு வந்தால் நெருப்பில் இறங்கிவிட்டு வா என்று சொன்ன ஊர் இது. அதே நந்தன் பெயரில்லாப் பிணமாக வந்தால் பளிங்கு மேசையில் கிடத்தி ஆசானே என்று வணங்குகிறோம். உயிருள்ள நந்தனின் சம்மதமும் தேவைப்படவில்லை, இறந்த நந்தனின் சம்மதமும் தேவைப்படவில்லை.

அடுத்தது, கை.

சுசுருதரைப் பற்றிப் பெருமை பேசாத மேடை இல்லை. உலகின் முதல் அறுவை மருத்துவர், உடலைத் திறந்து பார்த்தவர் என்பார்கள். சுசுருத சம்ஹிதையில் உடற்கூறு பற்றிய பகுதி இருப்பது உண்மை. உடலைப் புல்லால் சுற்றிக் கூண்டில் வைத்து ஓடும் நீரில் ஏழு இரவுகள் ஊறவைத்து, பிறகு தூரிகை போன்ற ஒன்றால் தேய்த்து அடுக்கடுக்காகப் பார்க்கச் சொல்கிறது அது. கண்ணால் பார்த்தவனே மருத்துவன் என்றும் சொல்கிறது. அப்படியானால் அந்த அறிவு ஏன் வளரவில்லை? விடை மனுவில் இருக்கிறது. மருத்துவன் கொடுக்கும் சோறு சீழுக்குச் சமம் என்கிறது மனுஸ்மிருதி. பிணத்தைத் தொட்டவன் தீட்டு என்கிறது. கையால் தொட்டு அறிகிறவனைக் கீழே தள்ளி, தொடாமல் ஓதுகிறவனை மேலே வைத்த சமூகத்தில் உடற்கூறியல் எப்படி வளரும்? இந்திய மருத்துவத்தின் அறிவியல் தன்மையைப் புரோகித ஒழுங்கு எப்படி நெரித்தது என்பதை தேவிபிரசாத் சட்டோபாத்யாயா விரிவாகவே எழுதியிருக்கிறார்.

பிறகு 1836. கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் மதுசூதன் குப்தா என்ற வைத்திய சாதியைச் சேர்ந்தவர் இறந்த உடலைத் தன் கையால் அறுத்தார். அதைக் கொண்டாட வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாகக் கதை உண்டு. தீட்டை மீறிய அவருடைய துணிவை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்த உடலை அந்த மேசைக்குக் கொண்டுவந்தவர்கள் டோம் சாதியினர். அவர்கள் தினமும் தொட்டார்கள். அதற்கு எந்தப் பீரங்கியும் முழங்கவில்லை. மேல்சாதிக்காரன் ஒரு முறை தொட்டால் வரலாறு. கீழே தள்ளப்பட்டவன் தலைமுறை தலைமுறையாகத் தொட்டால் அது 'பழகின வேலை'. 1985இல் ஒன்றிய அரசு தடை விதிக்கும்வரை உலகத்தின் மருத்துவ வகுப்பறைகளுக்கு எலும்புக்கூடுகளை ஏற்றுமதி செய்த நாடு இந்தியா. அந்த எலும்புகள் யாருடையவை, சுத்தம் செய்த கைகள் யாருடையவை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இப்போது திரைக்கு வருவோம். தொடுதிரை மேசையை விற்க வருகிறவர்கள் முதலில் சொல்லும் சொல் 'சுத்தம்'. நாற்றமில்லை, கறையில்லை, தொட வேண்டியதில்லை. கேட்கும்போதே எனக்கு ஊர் ஞாபகம் வருகிறது. தொடாமல் இருப்பதைச் சுத்தம் என்று சொன்னவர்களை நாம் ஏற்கெனவே அறிவோம்.

ஆனால் திரையிலும் ஓர் உடல் இருக்கிறது. கணினி உடற்கூறியலின் தொடக்கங்களில் ஒன்று அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1994இல் வெளியிட்ட முழு மனித உடலின் படத்தொகுப்பு. அதில் இருக்கும் ஆண், ஜோசப் பால் ஜெர்னிகன். 1993இல் டெக்சஸ் மாநிலத்தில் விஷ ஊசி போட்டு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டவர். அவர் உடலை உறையவைத்து ஒரு மில்லிமீட்டர் கனத்தில் சீவிச் சீவிப் படமெடுத்தார்கள். உடற்கொடைக்குக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஆனால் மரண தண்டனைக் கொட்டடியில் போட்ட கையெழுத்துக்கு என்ன விலை? 1752 எங்கே போனது? வான் ஹாகென்ஸின் பிளாஸ்டிக் உடல்களையும் அவை எங்கிருந்து வந்தன என்ற கேள்வி துரத்தியது. எந்த முறையானாலும் யாருடைய உடல் என்ற கேள்வியிலிருந்து தப்ப முடியாது. திரை அந்தக் கேள்வியைத் தீர்ப்பதில்லை, நம் கண்ணில் படாமல் மறைக்கிறது.

இன்னோர் ஆபத்தும் உண்டு. 2022 ஜனவரியில் ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. இடங்கள் பெருகியதை வரவேற்கிறோம். ஆனால் 150 பேர் படிக்கும் வகுப்பில் பத்துப் பேருக்கு ஓர் உடல் என்று வைத்தாலும் ஆண்டுக்கு 15 உடல்கள் வேண்டும். உடல் கிடைக்காத கல்லூரிகளுக்கு ஒரு திரையை வாங்கி வைத்துக் கணக்கை முடிக்கும் போக்கு வரலாம். அப்போது யார் பிள்ளை உடலைத் தொட்டுப் படிப்பான், யார் பிள்ளை கண்ணாடியைத் தடவிப் படிப்பான்?

சிதம்பரத்துக்காரர்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 2013இல் அரசு எடுத்துக்கொண்ட பிறகும், 1985இல் தொடங்கிய ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். மாணவர்கள் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டியிருந்தது. மற்ற அரசுக் கல்லூரிகளில் அது 13,610 ரூபாய். 2020 இறுதியில் தொடங்கி 50 நாட்களுக்கு மேல் மாணவர்கள் போராடிய பிறகுதான் அது சுகாதாரத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது, கட்டணமும் குறைந்தது. பணம் கட்ட முடியாதவன் பிள்ளை உள்ளே வரப் போராடி வென்ற மண் இது. உள்ளே வந்த பிள்ளைக்கு முழுமையான கல்வி கிடைக்கிறதா என்பதும் அதே போராட்டத்தின் தொடர்ச்சிதான்.

நம் தோழர்களிடமிருந்தே எனக்கு ஒரு கேள்வி வரும். "பிணத்தைத் தொடும் வேலையை நம் தலையில் கட்டினார்கள். மலக்குழியில் இறங்க இயந்திரம் கேட்கிறோம். பிணத்தைத் தொடாமலே படிக்க இயந்திரம் வந்தால் அது விடுதலை இல்லையா?"

நியாயமான கேள்வி. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. மலக்குழியில் இறங்குகிறவன் அங்கே கற்பதற்கு ஒன்றுமில்லை. செத்துப்போவதற்கு மட்டுமே வாய்ப்பு. அதை இயந்திரத்திடம் கொடுத்தே ஆக வேண்டும். உடலைத் தொடுவதில் அறிவு இருக்கிறது. நம்மிடம் தொடும் வேலையை விட்டுவிட்டு, அதிலிருந்து வரும் அறிவையும் பட்டத்தையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று நம் பிள்ளைகள் கத்தி பிடிக்கும் இடத்துக்கு வந்திருக்கிறார்கள். இந்த நேரத்தில் தொடுவதே தேவையில்லை என்கிறார்கள். நான் கேட்பது, தொடும் வேலை எல்லோருக்கும் பங்கிடப்பட வேண்டும் என்பதுதான். செய்முறைக் கல்வி கத்தியிலிருந்து தொடங்கக் கூடாது. தொட்டியிலிருந்து உடலைத் தூக்குவதிலிருந்து தொடங்க வேண்டும். எந்தச் சாதியில் பிறந்த மாணவனும் மாணவியும் உடலைச் சுமக்கட்டும், புரட்டட்டும், கழுவட்டும், வகுப்பு முடிந்ததும் மேசையைத் துடைக்கட்டும். நாளை அரசு மருத்துவமனையில் அழுக்குச் சேலையோடு வரும் கிழவியைத் தொட்டுப் பார்க்காமல் தள்ளி நின்று மாத்திரை எழுதும் மருத்துவர்கள் குறைவார்கள்.

இன்னொரு கேள்வி வரும். "கொடையை மட்டும் நம்பினால் உடலே கிடைக்காது." இங்கிலாந்தில் 2004 சட்டத்துக்குப் பிறகு உயிரோடு இருக்கும்போது எழுத்தில் சம்மதம் தராத எவர் உடலையும் அறுக்க முடியாது. அங்கே உடற்கூறியல் வகுப்பு நின்றுவிடவில்லை. தாய்லாந்தில் கொடையாக வந்த உடலைப் 'பேராசான்' என்று அழைக்கிறார்கள். மாணவர்களுக்கு அவர் பெயர் தெரியும். படிப்பு முடிந்ததும் குடும்பத்தோடு சேர்ந்து மாணவர்களே எரியூட்டுகிறார்கள். இங்கே மட்டும் ஏன் முடியாது? ஏனென்றால் கருமாதி, திதி, பிண்டம், பிள்ளை கொள்ளி வைத்தால்தான் மோட்சம் என்ற பார்ப்பனியச் சடங்கு சாதி இந்துக்களைப் பிடித்து வைத்திருக்கிறது. தம் பிணத்துக்கு மோட்சம் வேண்டும். தம் பிள்ளை படிக்க இன்னொருவன் பிணம் வேண்டும். ஜோதி பாசு 2010இல் இறந்தபோது அவர் உடல் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போனது. சீதாராம் யெச்சூரியின் உடல் 2024இல் டெல்லி எய்ம்ஸுக்குப் போனது. தந்தை பெரியாரின் தொண்டர்கள் எத்தனையோ பேர் சடங்கை மறுத்து உடலைக் கொடுத்திருக்கிறார்கள். 2023இல் உறுப்புக் கொடையாளர்களின் இறுதி நிகழ்வுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. அரசு மனம் வைத்தால் மக்கள் மனமும் மாறும்.

எனவே நாம் கேட்க வேண்டியவை இவை.

ஒன்று: 1951 சட்டம் திருத்தப்பட வேண்டும். வாழும்போது தந்த சம்மதம் இல்லாத உடல் வகுப்பறைக்குப் போகக் கூடாது. அதுவரை, உறவினரைத் தேடுவதும் உடலை ஊருக்குக் கொண்டுசேர்க்கும் செலவும் அரசின் பொறுப்பாக வேண்டும்.

இரண்டு: ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் கடந்த பத்தாண்டுகளில் பெற்ற உடல்களில் கொடை எத்தனை, உரிமை கோரப்படாதவை எத்தனை, எங்கிருந்து வந்தவை என்று வெள்ளை அறிக்கை வெளியிட வேண்டும்.

மூன்று: உடற்கூறியல் கூடத்திலும் பிணவறையிலும் வேலை செய்வோர் துப்புரவுப் பணியாளர் என்ற பெயரில் வேலை வாங்கப்படுவது நிற்க வேண்டும். நிரந்தர வேலை, தொழில்நுட்பர் என்ற பதவி, அதற்குரிய சம்பளம், காற்றோட்டம், கையுறை, ஆண்டுதோறும் புற்றுநோய்ப் பரிசோதனை வேண்டும். மாணவன் ஓராண்டு சுவாசிக்கும் பார்மலினை அவர்கள் ஆயுள் முழுக்கச் சுவாசிக்கிறார்கள். ஆஸ்திரியாவின் வால்டர் தீல் 1992இல் வெளியிட்ட முறையைப் போல, பார்மலின் குறைந்த பதப்படுத்தும் முறைகளை இங்கேயும் கொண்டுவர வேண்டும்.

நான்கு: திரையும் பிளாஸ்டிக் உறுப்புகளும் எல்லாக் கல்லூரிகளுக்கும் சமமாக, துணைக் கருவிகளாக மட்டும் வர வேண்டும்.

ஐந்து: படித்து முடித்த உடலின் மிச்சம் பெயரோடு, பொது மயானத்தில், மாணவர்கள் முன்னிலையில் அடக்கம் செய்யப்பட வேண்டும்.

கடைசியாக ஒன்று. நான் உடற்கொடைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். வீட்டில் சொன்னேன். என் அம்மாவிடமும் ஒரு படிவத்தை நீட்டினேன். எண்பதை நெருங்குகிற அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

"ஒங்கப்பா நம்ம சுடுகாட்டுக்குப் பாதை வாங்க எத்தினி வருசம் தாலுக்கா ஆபீசுக்கு நடந்தாருன்னு தெரியுமாடா? அதுவரைக்கும் ஊரான் வயல் வரப்புல, முட்டி வரைக்கும் சேத்துல எறங்கித்தான் பொணத்தத் தூக்கிட்டுப் போனோம். நான் அந்தப் பாதையிலதான் போவேன். நீ எங்க வேணா போ."

எனக்குப் பேச்சு வரவில்லை. 2019இல் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், போக வழி விடாததால் நம் மக்கள் ஓர் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி ஆற்றுக்குள் இறக்கியதை நாடே பார்த்தது. பிணம் போகப் பாதைகூட இல்லாத மக்களிடம் போய் முதலில் உங்கள் உடலைக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது? பாதையை மறித்தவர்கள் முதலில் கொடுக்கட்டும்.

படிவத்தை மடித்து வைத்துவிட்டேன். அம்மா மாட்டேன் என்று சொன்னார், அதோடு முடிந்தது. சிதம்பரம் நடைமேடையில் இறந்துகிடந்த அந்தக் கிழவரிடமும் ஒரு படிவத்தை நீட்டியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று நமக்குத் தெரியாது. அவரிடம் யாரும் நீட்டவில்லை.